கொம்பை அளக்கும் கை

சென்ற ஞாயிற்றுக்கிழமை இரவு மொந்ரேயாலிலிருந்து மகள் பேசினாள். என் ரத்த அழுத்த மாத்திரை, அவள் அம்மாவின் முழங்கால், மாடியில் ஒழுகும் தண்ணீர்த் தொட்டி என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினாள். பிறகு, "அப்பா, இவனை வேட்டைக்குக் கூப்பிடறாங்க. அனுப்பலாமா?" என்றாள்.

இவன் என்றது என் பேரனை. 14 வயது. இரண்டு அழைப்புகள் வந்திருக்கின்றன. ஒரு பள்ளித் தோழனின் தகப்பனார் ஒவ்வொரு அக்டோபரிலும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வடக்கே காட்டுக் குடிசைக்குப் போய்விடுவார். ஒரு மூஸ் கிடைத்தால் வருஷம் முழுக்க வீட்டில் அந்த இறைச்சிதான். இன்னொரு தோழனின் மாமா டெக்ஸாஸில் வேலி போட்ட ஒரு பண்ணைக்குப் போகிறார். அங்கே மானின் கொம்பைப் பார்த்து விலை சொல்வார்கள். இரண்டு பேருமே, "பையன் சுடவேண்டாம், கூட வந்து பார்க்கட்டும்" என்கிறார்கள்.

மகள் போனை வைத்ததும் பேரன் தன் பங்குக்கு ஒரு பட்டியல் அனுப்பினான். வட அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு மிகவும் பிடித்த பெரிய விலங்குகள் எவை, ஏன் என்று. கடைசியில், "இதுல எது உங்களுக்குப் பிடிக்கும் தாத்தா?" என்று ஒரு கேள்வி.

மறுநாள் காலை கடற்கரை நடையில் இதைச் சொன்னேன். கூட நடப்பவர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "கொலைகாரப் பசங்க, பிள்ளையை அனுப்பாதீங்க சார்" என்றார் ஒருவர். "வேட்டைக்காரன் கொடுக்கிற காசில்தான் அங்கே காடே பிழைத்திருக்கிறது" என்றார் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர். இருவர் சொன்னதும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று எழுதிப் பார்க்கிறேன். பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன், தமிழில் சந்திப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோப்பைப் பார்த்துக் குறிப்பு எழுதுவதில் மட்டும் 34 வருஷ அனுபவம் உண்டு. இதையும் ஒரு கோப்பாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் பட்டியல்.

முதலிடம் வெள்ளைவால் மானுக்கு. காரணம் சுலபம்: அதுதான் நிறைய இருக்கிறது, பக்கத்திலேயே இருக்கிறது. இன்று அமெரிக்காவில் சுமார் 3 கோடி இருக்கும் என்கிறார்கள். சோளக் கொல்லையிலும் வீட்டுத் தோட்டத்திலும் வந்து மேயும். ஆலைத் தொழிலாளிக்கும் கட்டுப்படியாகிற வேட்டை இது. விஸ்கான்ஸின் மாநிலத்தில் நவம்பர் மாதம் ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம். லட்சக்கணக்கான பேர் ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாமல் இருக்க அந்த நிறம் அங்கே சட்டம்.

இரண்டாவது எல்க். ஷானி மொழிப் பெயர் வாபிட்டி, பிரெஞ்சிலும் அதேதான். ராக்கி மலைகளில் செப்டம்பர் மாதம் ஆண் எல்க் புல்லாங்குழலும் சங்கும் சேர்ந்தாற்போல ஒரு குரல் கொடுக்கும். வேட்டைக்காரன் அந்தக் குரலை ஊதிக் காட்டி அதைத் தன் பக்கம் வரவழைப்பான். மலையேற்றம், குளிர், குரல், நெருக்கம், அதனால் பிடிக்கும்.

மூன்றாவது மூஸ். கெபெக்கில் அதற்கு ஒரிஞால் என்று பெயர். மானுக்கான பாஸ்க் மொழிச் சொல்லிலிருந்து வந்தது. மான் குடும்பத்திலேயே பெரியது. தோள் உயரமே ஆள் உயரம். நன்கு வளர்ந்த ஒன்றிலிருந்து 200 கிலோ அளவுக்கு இறைச்சி கிடைக்கும். பிடிக்கக் காரணம் சொல்லவேண்டியதில்லை.

அப்புறம் கரடிகள். கருங்கரடி இறைச்சிக்கும் தோலுக்கும். கிரிஸ்லி பயத்துக்கு; திருப்பி அடிக்கக்கூடியதை வென்றேன் என்ற பேருக்கு. கடைசியாகப் பாறை உச்சியில் வாழும் பெருங்கொம்புக் காட்டு ஆடு. அதைப் பிடிக்கக் காரணம் அது கிடைக்காது என்பதுதான். பல மாநிலங்களில் அனுமதிச் சீட்டு குலுக்கலில் விழவேண்டும். வாழ்நாள் முழுக்க விண்ணப்பம் போட்டுவிட்டுக் கிடைக்காமலே கண் மூடியவர்கள் உண்டு. நம் ஊர் வீட்டு மனைப் பட்டா மாதிரி.

பட்டியலை இன்னொரு முறை படித்தேன். மேலே இருப்பவற்றைப் பிடிக்கக் காரணம் பசி. கீழே போகப் போகப் பசி குறைந்து பெருமை ஏறுகிறது. விலங்கைப் பற்றிய பட்டியல் என்று தலைப்பு இருந்தாலும், இது மனுஷனைப் பற்றிய பட்டியல்தான்.

இனி முதல் கட்சிக்காரருக்கு என் பதில். "கொலைகாரப் பசங்க" என்று சொன்ன நண்பர் வீட்டில் ஞாயிறு தோறும் பிராய்லர் கோழி. நம் வீட்டிலும் அதேதான். ஆறு வாரம் வெளிச்சம் அணையாத கொட்டகையில் நடக்கக்கூட இடமில்லாமல் வளர்ந்த கோழியைத் தோல் உரித்துப் பையில் வாங்கி வருகிற நாம், ஐந்து வருஷம் ஏரிக்கரையில் சுதந்திரமாகத் திரிந்த மூஸை ஒரே குண்டில் வீழ்த்தி, தானே அறுத்து, தானே தூக்கி வந்து தின்கிறவனைக் கொலைகாரன் என்றால், சிரிப்பார்கள். சைவர் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். நாம் சொல்லக்கூடாது.

நான்கு வருஷத்துக்கு முன்பு அங்கே போயிருந்தபோது அந்தத் தகப்பனாரை ஒரு தடவை பார்த்தேன். என் பிரெஞ்சு அவருக்குப் பழைய பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. அவர் பிரெஞ்சு எனக்குப் பாதிதான் புரிந்தது. தன் உறைபெட்டியைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் எந்தப் பாகம், எந்தத் தேதி என்று எழுதி ஒட்டியிருந்தது. உரிமம், சீட்டு, எந்த மண்டலம், எந்தத் தேதி, சுட்ட பிறகு நிலையத்தில் பதிவு என்று எல்லாத் தாளும் ஒரு உறையில். என் அலுவலகத்தில் கூட இவ்வளவு ஒழுங்கான கோப்பு நான் பார்த்ததில்லை. அந்த இறைச்சியை விற்க முடியாது, சட்டம் விடாது. தின்னலாம், கொடுக்கலாம். எங்களுக்கும் ஒரு பொட்டலம் கொடுத்தார். என் மனைவி மிளகும் சோம்பும் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். நன்றாகவே இருந்தது.

இரண்டாவது கட்சிக்காரர், ஆசிரியர், சொன்னது பாதி உண்மை. பாதி உண்மை என்பதால்தான் அதை மறுக்கக் கொஞ்சம் உழைக்க வேண்டியிருக்கிறது.

உண்மையான பாதி இது. 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் வெள்ளைவால் மான் மொத்தமே சில லட்சங்களாகச் சுருங்கிவிட்டது. எல்க் ஒரு லட்சத்துக்கும் கீழே போனது. கோடிக்கணக்கில் இருந்த பைசன் சில நூறு. அதற்குப் பிறகு சட்டம் வந்தது. 1900-ல் லேசி சட்டம். 1937-ல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம்: வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குத் துறைக்கு. வேட்டைக்காரர்களே இந்த வரிக்கு ஆதரவாக நின்றார்கள். உரிமக் கட்டணமும் சேர்ந்தது. மான் 3 கோடியாயிற்று. எல்க் இன்று சுமார் 10 லட்சம். இதற்கு வணக்கம் சொல்லத்தான் வேண்டும்.

இனி ஆசிரியர் சொல்லாமல் விட்ட பாதி. அந்த மான்களைச் சில லட்சமாக்கியது யார்? புயலா, வெள்ளமா? துப்பாக்கிதான். தோலுக்கும் சந்தைக்கும் சுட்டார்கள். எல்க் கதை இன்னும் கேவலம். அதன் மேல்வாயில் தந்தம் போன்ற இரண்டு பற்கள் உண்டு. 1868-ல் தொடங்கிய எல்க்ஸ் என்ற சங்கத்தின் உறுப்பினர்கள் அந்தப் பல்லைக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட்டுக்கொள்வது கௌரவமாகிவிட்டது. விலை ஏறியது. முந்நூறு கிலோ விலங்கைச் சாய்த்து, இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு, உடலை அப்படியே பனியில் போட்டுவிட்டுப் போனார்கள் களவு வேட்டைக்காரர்கள். சங்கமே பிறகு அந்த வழக்கத்தைக் கைவிட வேண்டியதாயிற்று. வீட்டைக் கொளுத்தியவனே பிறகு கூரை வேய உதவினான் என்றால், கூரைக்கு நன்றி சொல்லலாம். ஆனால் நெருப்பை மறந்துவிட்டுச் சொல்லக்கூடாது.

இன்னொன்று. காசு கொடுப்பவன் பிடித்த விலங்குக்குத்தான் கொடுக்கிறான். பிடித்ததற்குப் போட்டியாக வருவதை என்ன செய்கிறான் பாருங்கள். 2021 பிப்ரவரியில் விஸ்கான்ஸினில் ஓநாய் வேட்டை திறந்தார்கள். பொது வேட்டைக்காரர்களுக்கு ஒதுக்கிய எண்ணிக்கை 119. மூன்று நாள்கூட முடியவில்லை, 218 ஓநாய்கள் செத்தன. அம்மாநிலத்தின் ஒஜிப்வே பழங்குடியினருக்கு 81 ஒதுக்கியிருந்தார்கள். ஓநாயை உடன்பிறப்பாகக் கருதும் அவர்கள் ஒன்றைக்கூடச் சுடவில்லை. ஒதுக்கீட்டில் 119 என்று எழுதி, செலவில் 218 காட்டினால், எங்கள் ஆபீசில் குறிப்பாணை வரும், சம்பள உயர்வு நிற்கும். அங்கே அடுத்த வேலையைப் பார்த்தார்கள். காட்டைக் காப்பவன் என்றால் ஓநாயும் காட்டில்தானே இருக்கிறது?

பிடித்த விலங்கு என்ற பட்டமே காப்பாற்றிவிடும் என்பதும் பொய். கரிபூவும் பட்டியலில் உள்ளதுதான். கனடாவின் 25 சென்ட் நாணயத்தில் அதன் தலை இருக்கிறது. கெபெக், லாப்ரடார் பகுதியின் ஜார்ஜ் ஆற்றுக் கூட்டம் 1990-களின் தொடக்கத்தில் 7, 8 லட்சம் இருந்தது. பின்னர் 10,000-க்கும் கீழே போய்விட்டது. இதற்கு வேட்டை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, மேய்ச்சலும் பருவநிலையும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் கெபெக்கில் அந்தக் கூட்டத்தின் விளையாட்டு வேட்டையை 2012-ல் மூடியபோது, வந்து சுட்டுவிட்டுப் போனவர்கள் வேறு விலங்கைத் தேடிக்கொண்டார்கள். அந்தக் கரிபூவை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த இன்னு மக்களுக்கு வேறு எதைத் தேடுவது?

இப்போது என் உண்மையான சண்டைக்கு வருகிறேன். அது கொம்போடு.

கெபெக் பிரெஞ்சில் மானின் கொம்புக்கு பனாஷ் என்று பெயர். நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் பனாஷ் என்றால் தலைக்கவசத்தின் உச்சியில் செருகும் இறகுக் கொத்து. மிடுக்கு, பகட்டு என்றும் பொருள். சரியான சொல்லைத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1887-ல் தியோடர் ரூஸ்வெல்ட்டும் ஜார்ஜ் பேர்ட் கிரின்னலும் சேர்ந்து பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல காரியங்கள் செய்த கிளப், மறுக்கவில்லை. அவர்களிடம் கொம்பை அளக்க ஒரு முறை இருக்கிறது. 1950-லிருந்து நடப்பில் உள்ளது. நடுக்கொம்பின் நீளம், ஒவ்வொரு கிளையின் நீளம், நான்கு இடத்தில் சுற்றளவு, இரண்டு கொம்புக்கும் இடைவெளி, எல்லாம் அங்குலத்தில், அதிலும் எட்டில் ஒரு பங்கு வரை. வலமும் இடமும் சமமாக இல்லாவிட்டால் வித்தியாசத்தைக் கழித்துவிடுவார்கள். கொம்பை 60 நாள் காயவைத்த பிறகுதான் அளக்கவேண்டும். வெள்ளைவால் மான் 170 வாங்கினால் நிரந்தரப் பதிவேட்டில் இடம். 1993-ல் கனடாவின் சஸ்காட்சுவானில் வீழ்ந்த ஒரு மான் 213-ம் அதன் மேல் எட்டில் ஐந்தும் வாங்கி உலக சாதனை ஆயிற்று.

இந்தத் தலை சேகரிப்பு தொடங்கிய கதை சோகமானது. இந்த விலங்குகள் சீக்கிரம் அழிந்துவிடும், பின்னால் வருகிறவர்கள் பார்க்க அடையாளமாவது இருக்கட்டும் என்று வில்லியம் ஹார்னடே நியூயார்க் பிராங்ஸ் உயிரியல் பூங்காவில் தலைகளையும் கொம்புகளையும் சேர்த்தார். 1922-ல் அதற்கென்று கட்டடம் திறந்தது. மறைந்துவரும் பெருவிலங்குகளின் நினைவாக என்று அர்ப்பணித்தார்கள். கருமாதிப் பந்தல் மாதிரி கட்டியது. அதே கொம்புக்கு இன்று மதிப்பெண் போட்டுப் போட்டி நடத்துகிறார்கள்.

மதிப்பெண் வந்தால் அடுத்து விலை வரும். டெக்ஸாஸில் அந்த மாமா போகும் பண்ணை மாதிரி இடங்களில் உயர வேலி கட்டி, பொறுக்கி எடுத்த ஆண் மானை இனம் சேர்த்து, கொம்பு பெருக்கத் தீனி போட்டு வளர்க்கிறார்கள். எத்தனை அங்குலமோ அத்தனை டாலர். மானுக்குத் தப்பிக்க வழி கிடையாது. அதற்குப் பிறகும் அதை வேட்டை என்றே அழைக்கிறார்கள். நம் ஊரில் இதற்குக் கறிக்கடை என்று பெயர். கறிக்கடைக்காரர் யாரும் ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்டுப் படம் எடுத்துக்கொள்வதில்லை. மான்களின் மூளையைக் கரைக்கும் ஒரு கொடிய நோய் வேறு அங்கே பல மாநிலங்களில் பரவியிருக்கிறது. 1967-ல் கொலராடோவில் முதலில் கண்டது, மருந்து இல்லை. அடைத்து வளர்ப்பதும், வளர்த்ததை ஊர் விட்டு ஊர் ஏற்றிப் போவதும் அந்த நோய்க்கு வழி திறந்துவிடுகிற காரியங்கள்.

மலை ஆட்டின் கதையும் விலைக் கதைதான். 2013-ல் மொன்டானாவில் ஒரே ஒரு ஆட்டைச் சுடும் அனுமதி 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் ஆடுகளின் பாதுகாப்புக்குப் போகிறது என்பது உண்மை. அப்படியே கொடுத்திருக்கலாமே? கோயிலுக்கு ட்யூப் லைட் கொடுத்துவிட்டு, அந்த லைட்டிலேயே தன் பேரைப் பெரிதாக எழுதி வெளிச்சத்தை மறைக்கிறவர்கள் நம்மிடமும் உண்டு. ஆனால் அவர்கள் சாமியைச் சுட்டு எடுத்துப் போவதில்லை.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது இதுதான். மான், எல்க், மூஸ் மூன்றுக்கும் கொம்பு வருஷா வருஷம் தானாகவே உதிர்கிறது. குளிர்காலத்தில் விழும், வசந்தத்தில் மறுபடி முளைக்கும். வயோமிங்கில் ஜாக்ஸன் ஊரை ஒட்டி 1912-ல் அமைத்த எல்க் சரணாலயம் இருக்கிறது. அங்கே உதிர்ந்து கிடக்கும் கொம்புகளைச் சாரணச் சிறுவர்கள் பொறுக்கி எடுத்து வந்து ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் விடுகிறார்கள். அதிலும் கிடைக்கும் பணத்தின் பெரும்பங்கு சரணாலயத்துக்கே போகிறது. கொம்புதான் வேண்டுமென்றால் விலங்கே கழற்றி வைத்துவிட்டுப் போகிறது, குனிந்து எடுத்தால் போதும். அதற்கு அங்குலம் எழுதிச் சுவரில் மாட்ட முடியாது என்பது ஒன்றுதான் குறை.

சுவர் என்றதும் ஒரு பழைய ஞாபகம். எனக்கு ஏழு எட்டு வயது இருக்கும். அப்பா ஒரு வேலையாக இந்த ஊரில் வெள்ளைக்காரத் தெருவில் ஒரு பெரியவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். வாசல் நிலைக்கு மேலே ஒரு இரலை மானின் தலை. முறுக்கிய கொம்பு. கீழே பித்தளைத் தகட்டில் ஏதோ எண். ஒரு கண்ணாடிக் கண் விழுந்துவிட்டிருந்தது. குழிக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. நான் அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "இதை ஏன் அப்பா சாப்பிடாம வச்சிருக்காங்க?" என்று கேட்டேனாம். அவர் சிரித்துவிட்டு, "கேக்காதே" என்றாராம். சாகும் வரை இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். இந்த வயதிலும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நம் நாட்டில் 1972-ல் சட்டம் போட்டு வேட்டையை நிறுத்திய பிறகு அந்தத் தகடுகளெல்லாம் பழைய சாமான் கடைக்கு வந்தன. எண் இருந்தது, மான் இல்லை.

ரூஸ்வெல்ட் கதையையும் முழுசாகச் சொல்லிவிடுகிறேன். 1902-ல் மிஸிஸிப்பியில் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்து, "சுடுங்கள்" என்றார்கள். கட்டிப்போட்டதைச் சுடுவது வேட்டை அல்ல என்று அவர் மறுத்துவிட்டார். கேலிச்சித்திரம் வந்தது, டெடி பொம்மை பிறந்தது. குழந்தைகளுக்கு இதோடு கதை முடியும். உண்மையில் அந்தக் கரடி ஏற்கெனவே நன்றாக அடிபட்டிருந்தது. வலியை முடிக்கச் சொல்லி அவர் உத்தரவிட்டார், கத்தியால் முடித்தார்கள். ஆனாலும் அவர் சொன்ன நியாயம் நியாயமே. கட்டிப்போட்ட கரடிக்கும் வேலிக்குள் வளர்த்த மானுக்கும் கயிற்றின் நீளம்தான் வித்தியாசம். அந்த அளவுகோலை வைத்தால் டெக்ஸாஸ் பண்ணைகளில் பாதிக்கு மேல் பூட்டுப் போடவேண்டும்.

ஆகவே குறிப்பு, உத்தரவுக்காக:

வேட்டை கூடாது என்று நான் சொல்லவில்லை. பசிக்கு வேட்டை, பதிவோடு வேட்டை, தின்னக்கூடிய அளவுக்கு வேட்டை, இதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அங்குலத்துக்கு வேட்டை, ஏலத்துக்கு வேட்டை, வேலிக்குள் வேட்டை, போட்டிக்கு வந்த ஓநாயின் மேல் வஞ்சத்துக்கு வேட்டை, இவற்றைக் காட்டைக் காக்கும் தொண்டு என்று சொல்லி என் காதில் பூச்சுற்ற வேண்டாம்.

புதன்கிழமை மகளிடம் பேசினேன். "டெக்ஸாஸ் வேண்டாம். அந்த மூஸ்காரரோடு அனுப்பு" என்றேன். "ஏம்ப்பா, அதுவும் சாகடிக்கிறதுதானே?" என்றாள். "சாகடிக்கிறதுதான். அதனால்தான் அனுப்பச் சொல்றேன். விழுந்ததைப் பார்க்கட்டும். தோல் உரிக்கும்போது கூட நிற்கட்டும். கால் பாகத்தை முதுகில் தூக்கி வரட்டும். அதுக்கு அப்புறம் தட்டில் கறியை மிச்சம் வைக்க மாட்டான். இல்லேன்னா கறியே வேண்டாம்பான். ரெண்டும் நல்லதுதான்" என்றேன்.

பிறகு பேரன் வந்தான். பட்டியலில் எனக்கு எது பிடிக்கும் என்று மறுபடி கேட்டான். "உதிர்ந்த கொம்பு கண்ணில் பட்டால், அங்கே எடுக்க அனுமதி உண்டா என்று அவரைக் கேட்டுவிட்டு, தாத்தாவுக்கு ஒரு சின்னத் துண்டு கொண்டு வா. அளந்து பார்க்காதே" என்று சொன்னேன். சரி என்றிருக்கிறான்.

மாறுபடுகிறவர்கள் இருந்தால், காலை ஆறு மணிக்குக் காந்தி சிலை பக்கம் வாருங்கள். ஆசிரியர் ஏற்கெனவே பதில் தயாரித்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.